அடைக்கோழியும் அதன் கூடும்



வரலாறு என்றவுடன் முடிசூடிய மன்னரையும், அவர் புரிந்த போர்களையும், எழுப்பிய கோயில்களையும் எண்ணுவது நம் வழக்கம். பள்ளிப் புத்தகங்களும் அவ்வாறே தொடங்குகின்றன. ஆயினும் அடுப்படிக்குப் பின்புறத்தே, ஒரு பழைய கடகத்துள் வைக்கோல் பரப்பி, அதன்மேல் முட்டைகளை அடுக்கி, அடைக்கோழியை மெல்லத் தூக்கி அமர்த்துகின்ற பெண்ணின் செயலுக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாறு பல அரச மரபுகளினும் நீண்டது. இன்று அதனைப் பற்றியே சிறிது கூற விழைகின்றேன்.

நம் ஊர்களிலே கோழியை அடைவைக்கும் முறை யாவரும் அறிந்ததே. முட்டைகளை ஒற்றைப்படையாக எண்ணி வைப்பர். வேறு கோழி வந்து இட்டுவிடும் முட்டையைப் பிரித்தறியும் பொருட்டு, கரியினால் ஒவ்வொரு முட்டையிலும் ஒரு கோடு இழுப்பர். வைக்கோலின் அடியில் ஓர் இரும்புத் துண்டு, ஒரு கரித்துண்டு, ஒரு செத்தல் மிளகாய் ஆகியவற்றை வைப்பர். எதற்கு என்று கேட்டால், இடி முழங்கினால் முட்டை கூழாகிவிடும், அதற்குக் காவல் என்பர். இளைய தலைமுறையினர் இதைக் கேட்டு நகைத்தல் இயல்பே.

ஆனால் கி.பி. முதலாம் நூற்றாண்டில் உரோமப் பேரரசில் வாழ்ந்த கொலுமெல்லா என்னும் ஆசிரியர் எழுதிய வேளாண்மை நூலைப் புரட்டுபவர் நகைப்பை அடக்கிக்கொள்வர். இவர் இன்றைய ஸ்பெயின் நாட்டின் தென்கோடியிலுள்ள காடிஸ் நகரிலே பிறந்தவர். இவர் எழுதிய பன்னிரு பகுதிகளுள் எட்டாவது பகுதி, வீட்டுப் பறவைகளையும் மீன் வளர்ப்பையும் பற்றியது. அடைவைக்கும் கூட்டின் வைக்கோலுக்கு அடியிலே புல்லையும், லோரல் மரத்தின் சிறு கிளைகளையும், வெள்ளைப்பூண்டையும், இரும்பாணிகளையும் இடுவோர் பலர் என்றும், இடியினால் முட்டைகள் கெடாதிருக்க அவை காக்கும் என நம்பப்படுகிறது என்றும் அவர் குறித்துள்ளார். இரும்பு அங்கும் உண்டு, இங்கும் உண்டு. காரமுடைய பொருளொன்று அங்கும் உண்டு, இங்கும் உண்டு. அவர்களிடம் பூண்டு, நம்மிடம் மிளகாய்.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். மிளகாய் நம் நாட்டுப் பயிரன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கேயரால் பதினாறாம் நூற்றாண்டிலே கீழைநாடுகளுக்குக் கொணரப்பட்டது அது. ஆகவே நமது அடைப்பெட்டியில் இருக்கும் மிளகாய்க்கு நானூறு, ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வயது இருத்தல் இயலாது. அதற்கு முன் வேறொரு பொருள் அவ்விடத்தில் இருந்திருக்கலாம். அல்லது வழக்கமே பிற்பட்டதாயிருக்கலாம். உரோமர் நாணயங்கள் நம் தீவிலே கிடைத்துள்ளன என்பதை வைத்துக்கொண்டு, இவ்வழக்கமும் கப்பலேறி வந்தது என்று முடிவு கட்டிவிடுதல் அவசரப் புத்தியாகும். இடிக்கு அஞ்சுதலும், இரும்பை நம்புதலும் மனித இனத்துக்குப் பொதுவானவை. இடியோசை முட்டையைக் கெடுக்கும் என்பதற்குத் தக்க சான்று எதுவும் இல்லை. என்றாலும், எத்துணையோ காவதத்துக்கு அப்பாலிருந்த இரு மக்கட் கூட்டத்தார், ஒரே அச்சத்துக்கு ஒரே காவலைத் தேடினர் என்பது சிந்தனைக்கு விருந்தன்றோ?

கொலுமெல்லாவின் நூலில் வியப்பூட்டுவது இது மட்டுமன்று. கோழிக்கூடு எவ்வாறு அமைதல் வேண்டும் என அவர் கூறும் முறை, இன்று ஒருவர் தம் வளவிலே கூடு கட்ட முனைந்தாலும் பெரிதும் பொருந்தும். கூடு, குளிர்காலத்துச் சூரியன் உதிக்கும் திசையை நோக்கியிருத்தல் வேண்டும். அடுப்புக்கோ சமையலறைக்கோ அணித்தாய் இருத்தல் வேண்டும். ஏனெனில் புகை அப்பறவைகளுக்கு நன்மை பயக்கும். சுவர்களை உள்ளும் புறமும் சாந்து பூசி வழவழப்பாக்குதல் வேண்டும்; பூனையும் பாம்பும் ஏறாதிருத்தற் பொருட்டு. கோழிகள் தங்கும் கொம்புகளைச் சதுரமாகச் செதுக்குதல் வேண்டும். உருண்டையாயின் காலுக்குப் பிடி கிடையாது. நம் முன்னோர் குசினிப் புகை படும் இடத்தில் கோழிக்கூட்டைத் தொங்கவிட்டதும் இக்கருத்தாற்போலும். புகையினால் செள்ளும் பேனும் விலகும் என்பதை இரு சாராரும் கண்டிருந்தனர்.

அடைவைக்கும் கூட்டுக்கு அவர் தனியே விதி வகுக்கிறார். பழைய வைக்கோலை அகற்றிப் புதியது இடவேண்டும். கந்தகத்தாலும் கீலாலும் எரியும் பந்தத்தாலும் புகையூட்டித் தூய்மை செய்யவேண்டும். முட்டைகளைக் கையால் ஒவ்வொன்றாக எண்ணி வையாது, மரத்தட்டு ஒன்றிலே சேர்த்து ஒருமிக்க மெல்லச் சரித்துவிடுவோர் உண்டு. இரையும் நீரும் அருகிலேயே இருத்தல் வேண்டும். தொலைவில் இருப்பின் கோழி அலைந்து திரிய, முட்டை குளிர்ந்துவிடும். கோழி இரையெடுக்கும் வேளையில் காவலன் முட்டைகளைக் கையாற் புரட்டிவிடுதல் வேண்டும். எல்லாப் பக்கமும் வெப்பம் சமமாய்ப் படுதற்கு.

அவர் கூறிய இந்த இறுதி விதி மிக நுண்ணியது. முட்டை ஒரே நிலையிற் கிடந்தால், உள்ளே வளரும் கரு ஓட்டின் உட்சவ்வோடு ஒட்டிக்கொண்டு மாளும் என்பதை இன்றைய அறிவியல் கூறுகின்றது. கோழியோ இதனை எந்நூலும் கல்லாமல், தன் அலகினால் நாளும் பலமுறை செய்துகொண்டேயிருக்கிறது.

எல்லாக் கோழியும் அடைக்கு உகந்ததன்று எனவும் அவர் உரைத்தார். இளங்கோழி முட்டையிடட்டும், முதிர்ந்த கோழி அடைகாக்கட்டும் என்பது அவர் கொள்கை. இளங்கோழியின் அடைவேட்கையைத் தணிக்க அவர் கூறும் வழி யாது தெரியுமா? அதன் மூக்குத் துளையூடாக ஒரு சிற்றிறகைச் செருகிவிடுதல்! அடை தெளிவிப்பதற்கென நம் கிராமங்களிலும் இதே இறகுச் சிகிச்சை நடைபெற்றதைக் கண்ட முதியோர் இன்றும் உளர். கோழிக்கு அது இன்பமான அனுபவமாய் இருந்திராது என்பது திண்ணம். அதனை மீண்டும் கைக்கொள்ளுமாறு நான் எவருக்கும் கூறேன்.

நீண்டு கூரிய முட்டையிலிருந்து சேவலும், உருண்ட முட்டையிலிருந்து பேடும் வரும் எனவும் கொலுமெல்லா எழுதினார். அவருக்கு ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் முற்பட்ட அரிஸ்டோட்டிலின் நூலிலோ இதற்கு நேர்மாறாகக் காணப்படுகிறது. இருவருள் எவர் சரி என்று வினவ வேண்டியதில்லை. முட்டையின் வடிவுக்கும் குஞ்சின் பாலுக்கும் தொடர்பில்லை.

இனி, இக்கோழிதான் எங்கிருந்து வந்தது? தென்கிழக்காசியக் காடுகளில் வாழும் செங்காட்டுக் கோழியே வீட்டுக்கோழியின் மூதாதை. தாவினும் இதனை 1868இல் வலியுறுத்தினார். வட சீனத்தில் பதினாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கோழி வளர்த்தனர் என முன்பு ஒரு சாரார் கூறியதுண்டு. அவ்வெலும்புகள் கோழியினுடையன அல்ல என்ற கருத்து இன்று வலுப்பெற்றுள்ளது. 2022இல் வெளிவந்த ஆராய்ச்சியின்படி, ஐயத்துக்கிடமற்ற மிகப் பழைய வீட்டுக்கோழி எலும்புகள் தாய்லாந்திலுள்ள பான் நொன் வாட் என்னுமிடத்தில் கிடைத்தவை. அவற்றின் காலம் கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்டது. மக்கள் நெல்லும் தினையும் விளைவிக்கத் தொடங்க, சிந்திய தானியத்தைத் தேடிக் காட்டுக்கோழி தானாகவே ஊரை அணுகியது என அவ்வாராய்ச்சியாளர் கருதுகின்றனர். மனிதன் கோழியைப் பிடித்து வந்தான் என்பதிலும் கோழி மனிதனை நாடி வந்தது என்பதே பொருத்தமாயிருக்கிறது.

இதில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்குண்டு. 2008இல் செய்த மரபணு ஆராய்ச்சியொன்று, பல கோழிகளின் காலிலும் தோலிலும் காணப்படும் மஞ்சள் நிறம் செங்காட்டுக் கோழியிடமிருந்து வந்ததன்று, தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல்நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது எனக் காட்டியது. ஒரே மூதாதை என்ற தாவினின் கூற்று இவ்வகையில் திருத்தம் பெற்றது. நம் தீவுக்கே உரிய இலங்கைக் காட்டுக்கோழி இவற்றினின்றும் வேறான இனம். நம் நாட்டின் தேசியப் பறவையும் அதுவே.

காட்டுக்கோழிப் பேட்டைக் கண்டவர்க்கு அடைக்கூட்டின் இலக்கணம் எளிதில் விளங்கும். சேவலின் பகட்டு அதற்கு இல்லை. சருகின் நிறமே அதன் நிறம். புதர் மறைவிலே நிலத்தில் முட்டையிட்டு, அசையாமல் கிடந்து, பகைவர் கண்ணுக்குத் தப்புகிறது. வீட்டுக்கோழியும் அதன் வழிவந்ததாதலின், அடைகிடக்கும்போது மங்கலான ஒளியையும், மூன்று பக்கம் அடைப்பையும், தாழ்ந்த இடத்தையும் விரும்புகிறது. நாற்புறமும் திறந்த, வெளிச்சம் நிறைந்த அழகிய கூட்டைச் செய்து வைத்துவிட்டு, கோழி அதை விட்டு விறகுக் கட்டின் பின்னே போய் அடைகிடக்கிறதே என மனம் சலிப்போர், குறை கோழியிடத்து இல்லை என்பதை உணர்தல் வேண்டும்.

பகைவரைப் பற்றியும் பண்டைத் தமிழர் நன்கறிந்திருந்தனர். குறுந்தொகையிலே ஒக்கூர் மாசாத்தியார் என்னும் பெண்பாற் புலவர், மாலை வேளையில் வேலியோரத்தே காட்டுப்பூனைகள் வந்தமை கண்டு, ஒதுங்கும் இடம் அறியாது கலங்கித் தன் குஞ்சுகளைக் கூவியழைக்கும் வீட்டுக்கோழியை உவமையாக்கியுள்ளார். கோழி வளர்த்த வீட்டிலே வாழ்ந்தாரன்றிப் பிறர் அதனைக் கண்டிருத்தல் அரிது. அந்தப் பேட்டுக்கு இருள் படுமுன் அடைபடும் கூடு ஒன்று இல்லாமற்போனது அவ்வுவமையின் துயரம். இன்றும் மரநாயும் பெருச்சாளியும் வரும் வேளை அந்திக்குப் பிந்தியதே.

அடைமுட்டை உணவுக்கு மட்டுமன்றி அறிவுக்கும் வித்தாயிற்று. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டை ஒட்டி எழுந்ததும், கிப்போக்கிரட்டீசின் பெயரால் வழங்குவதுமான மருத்துவ நூலொன்று, குழவி கருவில் வளருமாற்றை அறிய விரும்புவோருக்கு ஒரு வழி சொல்கிறது. இருபதோ அதற்கு மேற்பட்டோ முட்டைகளைச் சில கோழிகளிடம் அடைவைத்து, இரண்டாம் நாள் தொட்டு நாளுக்கொன்றாக உடைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவ்வழி. அரிஸ்டோட்டில், மூன்று பகலும் மூன்று இரவும் கழிந்தபின் வெண்கருவினுள் ஒரு குருதிப்புள்ளி போல இதயம் தோன்றித் துடிப்பதைக் குறித்தார். 1651இல் ஆங்கில மருத்துவர் ஆவியும், 1673இல் இத்தாலிய மல்பீகியும் அந்த அடைமுட்டையையே திரும்பத் திரும்ப ஆராய்ந்தனர். மனிதக் கருவின் வளர்ச்சியைப் பற்றி நாம் முதன்முதல் அறிந்தவற்றுட் பெரும்பகுதி, பெயரறியாத எத்தனையோ அடைக்கோழிகள் கொடுத்த கொடையாகும்.

கோழியே இன்றிக் குஞ்சு பொரிக்க வைத்தோர் எகிப்தியர். முட்டைகளைச் சாணக்குவியலில் புதைத்துப் பொரிப்பிக்கின்றனர் என அரிஸ்டோட்டில் கூறினார். அவரே இன்னொரு கதையும் சொல்கிறார். சிரக்கூசு நகரத்துக் குடிகாரன் ஒருவன், தன் பாயின் கீழ் முட்டைகளை வைத்துவிட்டு, அவை பொரிக்கும் வரையும் இடைவிடாது குடித்துக்கொண்டேயிருந்தானாம்! அக்கதை எவ்வாறாயினும், கி.மு. முதலாம் நூற்றாண்டிலே தியோடோரசு என்னும் வரலாற்றாசிரியர், எகிப்தியர் பறவையின் துணையின்றித் தம் கைத்திறத்தாலேயே முட்டைகளைப் பொரிப்பிக்கின்றனர் எனப் பாராட்டினார்.

அவர்களுடைய பொரிப்படுப்பு வெயிலில் உலர்த்திய மண்கல்லாற் கட்டப்பட்டது. நடுவே ஒரு நடைவழி. அதன் இருமருங்கும் மேலும் கீழுமாக ஈரடுக்குச் சிற்றறைகள். கீழறையில் முட்டைகள் பரப்பப்படும். மேலறையில் வைக்கோலும் எருவும் கனன்றுகொண்டிருக்கும். சில நாட்களின் பின் நெருப்பை அணைத்துவிடுவர்; வளரும் கருக்களின் சொந்த வெப்பமே போதியதாகிவிடும். வெப்பமானி ஒன்றும் அவர்களிடம் இல்லை. முட்டையை எடுத்துக் கண்ணிமைமேல் வைத்துப் பார்ப்பர். அதுவே அவர்களின் அளவுகோல். 1909இல் கீழைநாடுகளைச் சுற்றிப் பார்த்த அமெரிக்க மண்ணியலறிஞர் கிங் என்பவர், சீனத்துப் பொரிப்போரும் முட்டையைக் கண்குழியில் அழுத்தியே வெப்பத்தை அறிவதைக் கண்டு, 1911இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். முட்டைக்கு வேண்டிய வெப்பம் ஏறக்குறைய 37.5 பாகை செல்சியஸ். நம் உடம்பின் வெப்பமும் ஏறத்தாழ அதுவே. ஆகவே இமைக்கு முட்டை சுடவுமின்றிக் குளிரவுமின்றி இருப்பின் அது சரியான நிலை. எத்துணை எளிய சோதனை! எத்துணை நுட்பம்!

பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் இவ்வடுப்புகளைப் பற்றிய செய்திகளைத் திரட்டி ஆராய்ந்து, 1749இல் பொரிப்புக் கலை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். எகிப்து தன் கூம்பகங்களைக் காட்டிலும் இவ்வடுப்புகளை எண்ணியே பெருமிதம் கொள்ளவேண்டும் என்பது அவர் கருத்து. கூம்பகங்களை எழுப்பிய மன்னர் பெயரை நாம் அறிவோம். இமையால் வெப்பம் அளந்தவரின் பெயர் ஒன்றேனும் நமக்குத் தெரியாது.

பின்னர் நடந்ததை விரைவிற் கூறிவிடலாம். 1879 அளவில் கலிபோர்னியாவின் பெட்டலூமா நகரிலே லைமன் பைசு என்பவர் பொரிப்புப் பொறியொன்றை அமைக்க, அவ்வூர் முட்டைக்கும் குஞ்சுக்கும் பேர்பெற்றது. 1918இல் அமெரிக்க அஞ்சற் பகுதி, பொரித்து ஒரு நாளான குஞ்சுகளைத் தபாற் பொதியாக ஏற்கத் தொடங்கியது. உயிருள்ள குஞ்சு உணவின்றி எவ்வாறு பயணஞ் செய்யும் எனின், பொரிப்பதற்குச் சற்று முன்னர் எஞ்சிய மஞ்சட்கருவைத் தன் வயிற்றுள் இழுத்துக்கொள்வதால், இரண்டு மூன்று நாள் அது தாக்குப்பிடிக்கும். இதனைப் படைத்த இயற்கை தபாலை எண்ணிப் படைக்கவில்லை. முதலிற் பொரித்த குஞ்சு, கடைசிக் குஞ்சு வரும்வரை தாயின் சிறகின்கீழ்க் காத்திருக்கவேண்டும் என்பதற்காகவே படைத்தது.

பொறி வந்ததும் கோழிக்கு அடை வேண்டாததாயிற்று. வேண்டாதது மட்டுமன்று, குற்றமும் ஆயிற்று. அடைகிடக்கும் கோழி முட்டையிடாது அல்லவா? ஆகவே அடைவேட்கை குறைந்தவற்றையே தெரிந்தெடுத்து, தலைமுறை தலைமுறையாக இனம் பெருக்கினர். வெள்ளை லெக்கோன் போன்ற இனங்கள் ஆண்டு முழுதும் முட்டையிடும். அடையிருப்பது மிக அரிது. இதனால் முட்டை மலிந்தது. ஏழைக் குழந்தைக்கும் புரதம் கிட்டியது. அந்நன்மையை நான் குறைத்துக் கூறேன். ஆனால் தன் குஞ்சைத் தானே பொரிக்க அறியாத கோழியை வளர்ப்பவர், ஒவ்வொரு முறையும் குஞ்சுக்காகப் பிறரிடம் செல்லவேண்டியவராகிறார். தீவனத்துக்கும் அவ்வாறே. 2022இல் நம் நாட்டில் அந்நியச் செலாவணி வற்றித் தீவனத்துக்குத் தட்டுப்பாடு நேர்ந்தபோது பண்ணைகள் தளர்ந்தன. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டையைக் கப்பலேற்றிக் கொணரும் நிலை வந்தது. சோற்றுப் பருக்கையையும் குறுணலையும் கறையானையும் உண்டு, வேலியோரத்தே அடைகிடந்த ஊர்க்கோழியின் அருமை அப்பொழுது சிலருக்கேனும் தோன்றியிருக்கும். ஊர்க்கோழியை முற்றாய்க் கைவிட்டுவிடுதல் நன்றன்று என்பது என் துணிபு.

அத்தகைய கோழி ஒன்று உங்கள் வளவிலே அடைகிடக்குமாயின், பொரிக்கும் நாளுக்குச் செய்யவேண்டியவை சில. பதினெட்டாம் நாளின் பின் முட்டைகளைத் தொடாதிருங்கள். பேனும் செள்ளும் இருப்பின் அதற்கு முன்னரே வைக்கோலை மாற்றி, கோழி புரள அருகில் சாம்பலும் மணலும் கலந்து வையுங்கள். கடகம் உயரத்தில் இருப்பின் நிலத்துக்கு இறக்குங்கள். குஞ்சு தவறி விழின் மீண்டும் ஏறாது. தண்ணீர்ப் பாத்திரம் மிகத் தட்டையாக இருக்கட்டும். உள்ளே சில கூழாங்கற்களை இட்டால் குஞ்சு மூழ்காது. எலி நுழையும் இடைவெளி ஒவ்வொன்றையும் அடையுங்கள்.

பத்தொன்பதாம் நாள் செவிகொடுத்துக் கேட்குமாறு கொலுமெல்லா கூறினார். ஓட்டினுள்ளிருந்து மெல்லிய குரல் வரும்; தாயும் அடித்தொண்டையால் மறுமொழி சொல்லும். வெளிவர இயலாத குஞ்சைக் கையால் எடுத்துவிடலாம் என அவர் கருதினார். இக்காலத்தார் அதில் விரைவு கூடாது என்பர். உட்சவ்வின் குருதிக்குழாய்கள் வற்றுமுன் ஓட்டை உரித்தால் குஞ்சு குருதி சிந்தி இறக்கும். அலகின் நுனியிலுள்ள சிறு முட்டைப்பல்லே ஓட்டைத் துளைக்கும். சில நாட்களில் அது தானே உதிர்ந்துவிடும். முதற் குஞ்சு வந்தவுடன் எடுத்துப் பார்க்கும் ஆசையையும் அடக்குங்கள். எல்லாம் பொரிக்கும்வரை ஒரு நாள் இரையும் நீருமின்றித் தாயோடு விட்டுவிடுக என்பது உரோமருடைய விதி. மஞ்சட்கருவைப் பற்றி அறியாமலே அவர்கள் கண்ட விதி அது. இருபத்தோராம் நாளுக்குப் பின்னும் குரலின்றிக் கிடக்கும் முட்டைகளை ஓரிரு நாள் பொறுத்து அகற்றலாம். மறுநாட் காலை, வெயில் ஏறியபின், தாய்க்கோழி தானே எழுந்து குஞ்சுகளை வெளியே அழைத்து வரும். அப்பொழுது குறுணலை நிலத்திலே தூவுங்கள். அது கொத்திக் காட்ட, அவை உண்ணும்.